கண்ணுக்குக் கண் முந்தியதா, வெள்ளி முந்தியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பண்டைய நாகரிகங்களின் சட்டங்களை ஒப்பிட்டு வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’ என்று தொடங்கிய மனிதன் மெல்ல மெல்லப் பக்குவப்பட்டு அபராதத்துக்கு வந்து சேர்ந்தான் என்ற அதன் மையக் கருத்தை ஏற்க முடியவில்லை. மெசொப்பொத்தேமிய (இன்றைய ஈராக் பகுதி) களிமண் பலகைகள் நேர்மாறாகச் சொல்கின்றன.

கிடைத்தவற்றில் மிகப் பழைய சட்டத் தொகுப்பு, சுமேரிய மன்னன் ஊர்-நம்முவுடையது (அவன் மகன் ஷுல்கியுடையது என்பாரும் உண்டு). காலம் கி.மு. 2100 வாக்கில். அதில் கொலைக்கு மரண தண்டனை உண்டு. ஆனால் அடுத்தவன் கண்ணைக் கெடுத்தவன் அரை மினா வெள்ளி கொடுத்தால் போதும். பல்லுக்கு 2 ஷெக்கெல். 60 ஷெக்கெல் சேர்ந்தது ஒரு மினா, ஏறக்குறைய அரைக் கிலோ.

பாபிலோன் மன்னன் ஹமுராபிக்குச் சற்று முந்தைய எஷ்நுன்னா நகரச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. மூக்கைக் கடித்துத் துண்டித்தால் ஒரு மினா, கண்ணுக்கும் ஒரு மினா, கன்னத்தில் அறைந்தால் 10 ஷெக்கெல். அதே சட்டம் கூலியாளுக்கு மாதம் ஒரு ஷெக்கெல் என்கிறது. ஓர் அறைக்குப் பத்து மாதக் கூலி! இதை இளகிய தண்டனை என்று எப்படிச் சொல்வது?

கண்ணுக்குக் கண் வருவது ஊர்-நம்முவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு, ஹமுராபியிடம்தான். அதுவும் மேல்குடியினர் தங்களுக்குள் மோதிக்கொண்டால் மட்டுமே. சாமானியனின் கண்ணைப் பறித்த மேல்குடியானுக்கு ஒரு மினா வெள்ளியோடு சரி. அடிமையின் கண்ணென்றால் அவன் விலையில் பாதி. கட்டுரையாளர் இந்தப் படிநிலையைத் தொடாமல் போனது பெரிய குறை. வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், கட்டியவனின் மகனைக் கொல்லச் சொல்லும் கொடுமையும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அபராதம் குறைந்ததற்குச் சான்று வேண்டுமானால், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளிடம் போகலாம். கண்ணைக் குருடாக்கினால் ‘முன்பு ஒரு மினா, இப்போது 20 ஷெக்கெல்’ என்று அவர்கள் சட்டமே திருத்தத்தைப் பதிவு செய்திருக்கிறது.

படக்குறிப்பிலும் ஒரு பிழை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, ஹமுராபியின் சட்டம் பொறித்த கல்லில் சூரியக் கடவுள் ஷமாஷ் ஹமுராபியிடம் நீட்டுவது சட்டங்களை அல்ல. அரசதிகாரத்தைக் குறிக்கும் கோலையும் வளையத்தையும். சட்டங்களை நிலைநாட்டியவன் தானே என்றுதான் அந்தக் கல்லில் மன்னன் பெருமை பேசுகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்