இருபத்தொன்பது வயதில் 'அ, ஆ' கற்க எங்கே போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எனக்கு 29 வயது. சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் குடியிருக்கிறேன், மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போக வர மூன்று மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் கழியும். போன வருடம் வரை அந்த மூன்று மணி நேரமும், வீட்டுக்கு வந்தபின் படுக்கும்வரை மிச்சமிருந்த நேரமும் கைப்பேசிக்கே போனது. அப்படி என்னதான் பார்த்தாய் என்று யாராவது கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. கண் எரிச்சல், தூக்கம் வராமல் புரளுவது, காரணமே இல்லாமல் ஒரு படபடப்பு. அலுவலகத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது என் வயதுக்காரர்கள் நான்கு பேர் "எனக்கும்தான்" என்றார்கள்.

திரையை விட்டு எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இப்போது இளையர்களிடம் நன்றாகவே தெரிகிறது. 1965-இல் அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பின்புறத்தில் தொடங்கிய பிக்கல்பால் என்ற மட்டைப் பந்து விளையாட்டு, இன்று நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இரவில் 'டொக் டொக்' என்று கேட்கிறது, சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பாளர்கள் புகார் செய்யும் அளவுக்கு. மண்பாண்டம் செய்யும் பயிலரங்கு, ஐஸ் தொட்டிக் குளியல், மௌனமாக உட்கார்ந்து படிக்கும் வாசிப்புக் குழு என்று வாரத்துக்கு ஒன்று கிளம்புகிறது. மலேசியாவிலிருந்து மலாயா ரயில் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வருவது 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றபிறகு பசுமை வழித்தடமாகிவிட்ட அந்த 24 கிலோமீட்டர் பழைய ரயில் பாதையில், சனி ஞாயிறு காலையில் ஓட்டக் குழுக்களைப் பார்க்கலாம். இந்த ஓட்டக் குழுக்கள் எனக்குப் பிடிக்கும். பெரும்பாலும் காசு கேட்பதில்லை, பின்தங்குபவர்களுக்காக ஒருவர் நின்று கூட்டிப் போகிறார், அப்புறம் எல்லாரும் சேர்ந்து கோப்பிக் கடையில் உட்காருகிறார்கள்.

ஆனால் எனக்கு ஓட வராது. அதனால் நான் காசு கொடுத்துப் போன இடங்கள் வேறு. மன அமைதிக்கான ஒலி சிகிச்சை என்று ஒரு வகுப்பு, ஒரு மணி நேரத்துக்கு 45 வெள்ளி கட்டினேன். நுழையும்போதே போனை ஒரு பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். படுக்கவைத்து, சுற்றிலும் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டினார்கள். அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்ததும் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு இருபது பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பக்கத்தில் படுத்திருந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் நான் வரவில்லை என்றால் அவருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் மறுபடி போன்.

என்னை மாற்றியது எதிர்வீட்டு ஆன்ட்டி. அறுபத்தெட்டு வயது, முன்பு ஒரு பூக்கடையில் வேலை செய்தவர். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அவர் வாசலில் உதிரி மல்லியைக் கொட்டிவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார், நானும் சும்மா போய் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத வேலை போலத் தெரியும். நூலின் நுனியை இடது கை விரல்களுக்கு நடுவே பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேரும்படி வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணி போட்டு, காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். இழுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தளர்த்தியாக விட்டால் பூ உதிரும், இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். முதல் நாள் நான் கட்டியது ஒரு சாண்கூட இருக்காது, அதுவும் தூக்கிப் பிடித்தபோது பாதி உதிர்ந்தது. "ஏம்மா, உனக்கு யாரும்மா நேரம் குறிச்சிருக்கா? மெதுவா இழு" என்றார்.

பூ ஈரம், நூல் ஈரம், விரல் ஈரம். போன் அடித்தாலும் எடுக்க முடியாது. அதைவிட முக்கியம், எடுக்கத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாமல் போன அந்த உணர்வு எனக்கு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வந்தது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு அவர் வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேர் உட்காருகிறோம். லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் பூ வாங்கி வருவது என் பொறுப்பு. ஒருநாள் வேலை முடிய நேரமாகிப் போகாமல் இருந்துவிட்டேன், பத்து மணிக்கு ஆன்ட்டி கதவைத் தட்டி, "சாப்பிட்டியா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். 45 வெள்ளி கொடுத்த இடத்தில் எனக்குக் கிடைக்காதது இதுதான். நாம் வரவில்லையே என்று தேட ஓர் ஆள் இருந்தால், அடுத்த வாரம் கால் தானாகவே அங்கே போகும்.

சரி, இதற்கு ஏன் ஆசிரியருக்குக் கடிதம் என்றால், எல்லாருக்கும் எதிர்வீட்டில் அப்படி ஓர் ஆன்ட்டி கிடைப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆசை. கச்சேரி செய்ய வேண்டும் என்பதில்லை, கோயிலில் பஜனைக்குக் கூட வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பார். ஒரு வகுப்பில் போய் விசாரித்தபோது முதல் கேள்வியே "உங்க பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்பதுதான். எனக்குத்தான் என்று இவர் சொன்னதும், எட்டு வயதுப் பிள்ளைகளோடு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்காரலாம், ஆனால் தரநிலைத் தேர்வு எழுதியாக வேண்டும் என்றார்கள். அவருக்குச் சனிக்கிழமை பாதி நாள் வேலை. அவர் அதோடு விட்டுவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனம் கஷ்டப்பட்டிருக்கும்.

பரதம், வீணை, சிலம்பம், கோலம் என எதை எடுத்தாலும் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது, மூத்தோருக்கும் சமூக மன்றங்களில் நிறைய நடக்கிறது. இடையில் இருக்கும் எங்களுக்கு, அதாவது படிப்பு முடித்து, வேலைக்குப் போய், களைத்து வீடு திரும்பும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களுக்கு, ஒன்றும் தெரியாமல் போய் முதல் பாடத்திலிருந்து தொடங்க இடம் தேடுவது மிகவும் சிரமம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது மட்டும் அருமையான பயிலரங்குகள் நடக்கின்றன. இரண்டு மணி நேரம் ஆசையைக் கிளப்பிவிட்டு முடிந்துவிடும். மே மாதம் எங்கே போவது? ஏற்பாட்டாளர்கள் அந்த ஒருநாள் பயிலரங்குகளில் நான்கைந்தையாவது வாராந்தர வகுப்பாகத் தொடர முடியுமா என்று பார்க்க வேண்டும். வார நாளில், இரவு எட்டு மணிக்கு மேல், தேர்வு இல்லாமல், மேடையேற்றம் இல்லாமல்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2025-இல் 18 வயதை எட்டிய அல்லது தாண்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்ற அரசுத் திட்டத்தின் மூலம் 100 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கும் பயிலரங்குகளுக்கும் 2028 டிசம்பர் இறுதிவரை அதைச் செலவிடலாம். என் நண்பர்களில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. நம் தமிழ் அமைப்புகள் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்புகளை அந்தத் திட்டத்தின்கீழ் கொண்டுவந்தால் அந்த நூறு வெள்ளி நம் கலைகளுக்கு வரும், எங்களுக்கும் கையைக் கடிக்காது.

வகுப்பே இல்லாமலும் செய்ய வழி இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் இன்று தீவு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள தோட்டத்தில் கறிவேப்பிலையும் மணத்தக்காளியும் பாண்டான் இலையும் வளர்ப்பவர்கள் எல்லாருமே ஓய்வுபெற்றவர்கள். ஒரு தாத்தா சொன்னார், உரமூட்டை தூக்க ஆளில்லை, இளையவர்கள் வேலி வரைக்கும் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று. அவர்களை உள்ளே கூப்பிட்டீர்களா தாத்தா என்று கேட்டேன். "அவங்க பிஸியா இருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார். நாங்களோ, தோட்டம் அவர்களுடையது, உள்ளே போனால் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறோம்.

அதனால் இதை வாசிக்கும் மூத்தோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஊறுகாய் போட வரும், கிழிந்ததை ஒட்டுத் தெரியாமல் தைக்க வரும், கேரம் காயைச் சுண்டினால் நேராகக் குழியில் விழும், பல்லாங்குழி ஆடத் தெரியும். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாயை விரித்து அதைச் செய்யுங்கள், லிஃப்டிலிருந்து வரும் எங்களைப் பார்த்து "வா, உட்கார்" என்று ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். முதல் தடவை வேலை இருக்கிறது என்று சொல்வோம். தயவுசெய்து இரண்டாவது தடவையும் கூப்பிடுங்கள்.

மிருதங்கம் ஆசைப்பட்ட அந்தத் தம்பிக்கு இன்னும் ஆசிரியர் கிடைக்கவில்லை. வேலை முடிந்தபின் சொல்லித்தரக்கூடிய யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்து, உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் மகிழ்வேன். எனக்கு வரும் செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி கதம்பம் கட்டச் சொல்லித் தருவதாக இருக்கிறார், அதற்கு மரிக்கொழுந்து வாங்க வேண்டும், பூக்கடையில் இன்றைக்கே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி