கூட்டுத் தொழில் தொடங்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலையை விட்ட செய்தி முன்பே காதில் விழுந்திருந்தாலும், உன் கையெழுத்தில் படித்தபோதுதான் மனம் நம்பியது. இத்தனை வருஷம் இன்னொருவர் நிறுவனத்துக்காக வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பொருத்திக் கொடுத்தவன், இனி அதையே சொந்தமாகச் செய்யப்போகிறாய். ரொம்பச் சந்தோஷம். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதுவும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் என்ன படிப்பது என்று நாளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் வழக்கம்போல ஊரார் கணக்குப் புத்தகங்களுக்குள்தான் இருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தனி ஆளாகப் பதிவு செய்வதா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா, எதில் வரி குறைவு என்று கேட்டிருக்கிறாய். வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது அரசாங்கம் மாறினால் மாறும், பட்ஜெட் வந்தால் மாறும். அதை நம்பி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து மாற்ற முடியுமா என்று கேட்பதுண்டு. முதலில் பதில் வேண்டிய கேள்விகள் இரண்டு. தொழில் நொடித்தால் யார் வீட்டுச் சொத்து போகும்? நீயும் உன் கூட்டாளியும் பிரிய நேர்ந்தால் யாருக்கு என்ன? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வடிவம் தானாகவே தெரியும்.

தனி ஆள் தொழிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தின் பார்வையில் நீயும் தொழிலும் ஒன்றுதான். லாபம் முழுதும் உனக்கு, கடன் முழுதும் உனக்கு. செலவு குறைவு, கணக்கு எளிது, வேண்டாமென்றால் மூடுவதும் எளிது. வாடிக்கையாளர் பணம் கையோடு கொடுத்துவிடுகிற, கடன் வாங்கத் தேவையில்லாத, ஒருவரே செய்கிற தொழிலுக்கு அது போதும். ஆனால் நீங்கள் இரண்டு பேர். பேருக்கு உன் பெயரில் பதிவு செய்துவிட்டு, அவரைச் சம்பளக்காரராகக் காட்டிக்கொண்டு, உள்ளுக்குள் லாபத்தைப் பங்கு போடலாம் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம். இருவர் சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பகிர்ந்துகொண்டால், காகிதமே இல்லாவிட்டாலும் அது பார்ட்னர்ஷிப்தான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வர இடமிருக்கிறது. அப்படி எழுதாமல் உண்டான பார்ட்னர்ஷிப்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏன் என்று சொல்கிறேன்.

பார்ட்னர்ஷிப்புக்கென்று இங்கிலாந்தில் 1890இல் ஒரு சட்டம் எழுதினார்கள். இந்தியாவின் 1932ஆம் வருஷச் சட்டம் பெரும்பாலும் அதன் வழியில் வந்தது. கூட்டாளிகள் தங்களுக்குள் வேறுவிதமாகப் பேசி முடிக்காவிட்டால், அந்தச் சட்டங்களே சில விதிகளைப் போட்டுவிடுகின்றன. அதில் முதலாவது, லாபமும் நஷ்டமும் சமபங்கு. யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பது அங்கே கணக்கில்லை. உன் விஷயத்தில் இதைப் பொருத்திப் பார். போடுகிற முதலீட்டில் பத்தில் எட்டுப் பங்கு உன் சேமிப்பு. வேலை தெரிந்த கை அவருடையது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் லாபத்தில் சரிபாதி அவருக்கு. அவர் பக்கம் நின்று பார்த்தாலும் நியாயமில்லாத ஒரு விதி உண்டு. கூட்டாளி தொழிலில் உழைப்பதற்குச் சம்பளம் கேட்க முடியாது, பேசி வைத்திருந்தால் ஒழிய. நீ அலுவலகத்தில் கணக்குப் பார்க்க, அவர் காலையிலிருந்து இரவுவரை ஏணியில் ஏறி இறங்கினாலும் அதே சமபங்குதான். மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. இருவருமே நல்லவர்களாக இருந்தாலும் தொடங்கும்.

இரண்டாவது இன்னும் கனமானது. ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவருக்கு ஏஜென்ட். தொழிலின் வழக்கமான காரியத்துக்காக அவர் போட்ட கையெழுத்து, நீ போட்ட கையெழுத்து மாதிரிதான். என்னிடம் கணக்கு கொடுத்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு பேர், பால்ய சிநேகிதர்கள். ஒருவர் வெளியூரில் இருந்த சமயம், மற்றவர் பெரிய ஆர்டர் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் கடனுக்குச் சரக்கு எடுத்துவிட்டார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆர்டர் வரவில்லை. சரக்கு கொடுத்தவர் வழக்குப் போட்டது, ஊரிலேயே இல்லாதவர் மீது. அவரிடம்தான் வீடு இருந்தது. முழுத் தொகையையும் அவரிடமே கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் கட்டிவிட்டு, அப்புறம் நண்பரிடம் அவர் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்குவதற்கு நண்பரிடம் என்ன இருந்தது? இன்றும் இருவரும் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள், ஆனால் பேசிக்கொள்வதில்லை. அந்தக் கோப்பை மூடிய நாளிலிருந்து, கடனுக்குச் சரக்கு எடுக்கிற தொழிலில் இறங்கும் யாருக்கும் வெறும் பார்ட்னர்ஷிப்பை நான் சிபாரிசு செய்வதில்லை.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் 'லிமிடெட்' கம்பெனி வந்தது, அதாவது போட்ட முதலுக்கு மேல் உன் சொந்தச் சொத்து போகாது. நீ கேட்டிராவிட்டாலும் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உன்னைப் போன்ற ஒரு கைத்தொழில்காரரின் கதை அது. லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. பல வருஷம் தனி ஆளாக நன்றாக நடத்திய தொழிலை 1892இல் கம்பெனியாக மாற்றினார். அப்போது கம்பெனிக்கு ஏழு உறுப்பினர் வேண்டும். மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆளுக்கு ஒரு பங்கு. மொத்தம் 20,007 பங்குகளில் மிச்சம் 20,001 அவருக்கு. தொழிலைக் கம்பெனிக்கு விற்ற விலையில் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்டு கடன் பத்திரமும் வாங்கிக்கொண்டார். அதாவது, தன் கம்பெனிக்கே சொத்து ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவர் ஆனார். அடுத்த வருஷமே கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்த மற்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. இது கம்பெனியே இல்லை, சாலமன் போட்ட வேஷம், அவரே கட்ட வேண்டும் என்று வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றங்களும் அவருக்கு எதிராகச் சொல்லிவிட்டன. 1896 நவம்பரில், அப்போது அங்கே மேல்முறையீட்டுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. சட்டப்படி பதிவாகிவிட்டால் கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள், எல்லாப் பங்கும் ஒரே குடும்பத்தில் இருந்தாலும் சரி என்றது. அந்தத் தீர்ப்பு வரும்போது அவர் வழக்குச் செலவுக்கே வழியில்லாத வறியவராக இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. உலகில் பல நாடுகளில் இன்று ஒருவர் சின்னக் கம்பெனி தொடங்கிவிட்டு இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அதன் அடியில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கே நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள். புதுக் கம்பெனிக்கு பேங்க் கடன் கொடுக்கும்போது, டைரக்டர் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கும். போட்டுவிட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை, வீடு மறுபடி நடுவில் வந்துவிடும். இடத்தின் சொந்தக்காரரும், பெரிய சப்ளையரும்கூட இதைக் கேட்பார்கள். கேட்டால் உடனே மறுத்துவிடு என்று சொல்லவில்லை. தொகைக்கு ஒரு உச்சவரம்பு கேள், கடன் அடைந்ததும் ஜாமீன் முடிவதாக எழுதச் சொல், இருவர் கூட்டாளிகள் என்றால் இருவரும் போடுங்கள். வீடு தங்கச்சி பெயரிலும் இருந்தால் அவளோடு உட்கார்ந்து பேசாமல் பேனாவைத் தொடாதே.

இன்னொன்று, உன் கையால் நடந்த தவறுக்குக் கம்பெனி திரை ஆகாது. கருவியை நீயே சரியாகப் பொருத்தாமல் தண்ணீர் கசிந்து ஒருவர் வீட்டு மின் இணைப்பு கெட்டுப்போனால், கம்பெனியோடு சேர்த்து உன்னையும் கேட்கலாம். அதற்கு வழி காப்பீடு. உங்கள் தொழிலில் மற்றவர் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் துளைக்கிறீர்கள், குழாயை வெட்டுகிறீர்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, வடிவத்தைவிட முன்னால் எடுக்க வேண்டியது என்பேன். அப்புறம், கம்பெனி பணத்தில் வீட்டுச் செலவு செய்வது, வீட்டுக் கணக்கில் கம்பெனிப் பணம் போடுவது, இந்தக் கலப்படம் கூடவே கூடாது. இரண்டும் வேறு ஆள் என்று நீயே மதிக்காவிட்டால், நாளைக்கு மோசடி என்று ஒரு பேச்சு எழும்போது நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்க நீயே காரணம் கொடுத்ததாகும்.

பார்ட்னர்ஷிப்புக்கும் கம்பெனிக்கும் நடுவில் எல்எல்பி என்று ஒன்று இருக்கிறது, லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், அதாவது பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1991இல் தொடங்கி வைத்தது. அங்கே வங்கிகள் நொடித்த காலத்தில், ஒரு கூட்டாளி பார்த்த வேலைக்காக அதே நிறுவனத்தின் மற்ற வக்கீல்களும் கணக்கர்களும் சொத்தை இழக்கும் நிலை வந்ததுதான் காரணம். இங்கிலாந்து 2000இலும், இந்தியா 2008இலும் தங்கள் தங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தன. உள்ளே பார்ட்னர்ஷிப் போல நீங்களே விதி எழுதிக்கொள்ளலாம், வெளியே கம்பெனி போலத் தனி ஆள். கூட்டாளி போட்ட கையெழுத்து நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உன் வீட்டைத் தொடாது. வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை உண்டுதான், ஆனால் பெரும்பாலும் கம்பெனியைவிடக் குறைவு. வெளியாள் பணம் போட்டுப் பங்கு வாங்க வேண்டும் என்ற யோசனை இருந்தால் மட்டும் அது கஷ்டம். முதலீட்டாளர்கள் பங்குகளோடு கூடிய கம்பெனியைத்தான் விரும்புவார்கள். நீ எழுதியதைப் பார்த்தால் அப்படி ஒரு ஆசை உனக்கு இல்லை. கடனுக்குச் சரக்கு, கூலிக்கு ஆட்கள், மற்றவர் வீட்டில் வேலை, இரண்டு பேர் கூட்டு. உன் நிலையில் நான் இருந்தால் எல்எல்பிதான். அது கிடைக்காத இடமென்றால் பிரைவேட் கம்பெனி.

எந்த வடிவமானாலும் உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் உயிர். ரெடிமேடாகக் கிடைக்கும் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உட்கார்ந்து பேசுங்கள். மாதச் சம்பளம் யாருக்கு எவ்வளவு, அதற்குப் பிறகு மிஞ்சும் லாபம் என்ன விகிதம். எவ்வளவு தொகைக்கு மேல் போனால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் வாங்குவது, விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்குப் பணமா, தொழிலில் இடமா. இதைப் பேச வாய் வராது, தெரியும். சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால் வேறுவிதமாக எழுதாதவரை ஒருவர் மரணத்தோடு அதுவே கலைந்துவிடும், துக்க வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டி வரும். அதனால் இப்போதே பேசு. பாதிக்குப் பாதி பங்கு வைக்கப்போகிறீர்கள் என்றால், ஒத்துப்போகாத நாளில் யார் சொல் முடிவு என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு ஆளை வேலைக்கு வைப்பதுகூட நின்றுபோகும். நிறுவனத்தின் பெயரும் வாடிக்கையாளர் பட்டியலும் யாருக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரியும்போது சண்டை பெரும்பாலும் அதற்காகத்தான்.

இப்போதைக்கு எளிய வடிவத்தில் தொடங்கி அப்புறம் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பாய். மாற்றலாம், சாலமன் செய்ததும் அதுதானே. ஆனால் பழைய கடன்களுக்கு நீங்கள் அதற்குப் பிறகும் பொறுப்பு. உரிமங்கள், பேங்க் கணக்கு, சப்ளையர் ஒப்பந்தம் எல்லாவற்றையும் புதிய பெயருக்கு மாற்ற அலைய வேண்டும், சொத்து கைமாறும்போது வரியும் வரக்கூடும். ஒருவர் மட்டும் செய்கிற தொழிலென்றால் அப்படிச் செய் என்று நானே சொல்லியிருப்பேன்.

உன் கூட்டாளியிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. அவருக்கு எதில் தயக்கம் என்பதையும் கேட்டு எழுது. வரைவு ஒப்பந்தம் தயாரானதும் அங்கே உள்ள ஒரு வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடிப்பதையும், சப்ளையரிடம் கணக்கு தொடங்குவதையும் பதிவு முடியும்வரை தள்ளிப்போடு. அதற்கு முன்னால் போடுகிற கையெழுத்து உன் சொந்தக் கையெழுத்தாகிவிடும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளை விசாரித்ததாகவும் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்