டிக்கெட் கவுன்டர் அக்காவுக்கு

அக்கா,

ராமேஸ்வரத்துல நம்ம டிராவல்ஸ் ஆபீஸை விட்டுட்டு மதுரைக்குப் போறேன். ஏர்போர்ட் ரோட்டுல ஒரு ஆபீஸ், ஏர் டிக்கெட் மட்டும் போடுற இடம். சம்பளம் இங்கே வாங்குறதைவிட கொஞ்சம் கூடத்தான், ஆனா ரூம் வாடகை போனா கையில நிக்கிறது குறைச்சல். அங்கேயும் ஜூனியர்தான். அப்பாகிட்ட நேத்து ராத்திரி சொன்னேன். ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கரையில கிடக்கும், இந்த நேரம் பார்த்தாடா போறேன்னு கேட்பார்னு நினைச்சேன். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"ன்னு மட்டும் கேட்டார்.

போன்ல சொல்லியிருக்கலாம். உங்க நம்பரை எடுப்பேன், அப்புறம் வேணாம்னு விட்டுருவேன். இங்கே நான் எழுதுறதை நம்ம ஆபீஸ் பசங்க படிக்கிறாங்க, முதலாளி வீட்டுலயும் ஒருத்தர் படிக்கிறதா கேள்வி. படிக்கட்டும். சிலதை மட்டும் எழுதப் போறதில்லை. எதுன்னு உங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் ஆடி அமாவாசைக் கூட்டம் வடிஞ்ச மறுநாள். இந்தூர்க்காரங்க நாலு பேருக்கு சேது எக்ஸ்பிரஸ்ல மூணாம் ஏசி தட்கல். ஏஜென்ட் யாரும் முதல் அரை மணி நேரம் தொடக்கூடாதுன்னு ஜூலை 1லயிருந்து ரயில்வே சொல்லிட்டதால, பத்து மணியிலயிருந்து பத்தரை வரைக்கும் ஊரே டிக்கெட் எடுக்க நாம கையைக் கட்டிட்டுப் பார்த்துட்டு இருந்தோம். அப்போதான் எழுந்திரிச்சீங்க. "இன்னிக்கு நீ போடு."

அந்தக் கிழிஞ்ச ரெக்ஸின் சீட்டு, மேலே மடிச்சுப் போட்ட துண்டு. கீபோர்டுல 'ஏ'யும் 'எஸ்'ஸும் தேய்ஞ்சு வெள்ளையா இருக்கும். பேரெல்லாம் நீங்க ஏற்கெனவே ஏத்தி வெச்சிருந்தீங்க. பத்தரைக்கு அமுக்கினா ஓடிபி கேட்குது. அந்த ரூலும் வந்து பத்து நாள்தான். ஓடிபி போறது அந்த நாலு பேர்ல பெரியவர் நம்பருக்கு. பெரியவரோ ஈர வேட்டியோட கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துல எந்தக் கிணத்தடியில நிக்கிறாரோ. உள்ளே போன் விடமாட்டாங்க, அது வேன்ல கிடக்கு. டிரைவர் அண்ணன் போனை எடுக்கலை.

ஓட வேண்டியவன் நான். சேர்ந்த நாளிலயிருந்து ஓடுறதுதானே என் வேலை. நீங்க "உக்காருடா"ன்னு சொல்லிட்டு, சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிட்டு, அந்த வெயில்ல ஓடுனீங்க. டிரைவர் அண்ணன் ஏசியைப் போட்டுட்டுத் தூங்குறார். கண்ணாடியைத் தட்டி எழுப்பி, பூட்டின போன்ல மேலே தெரிஞ்ச நம்பரை மூச்சு வாங்க வாங்க சொன்னீங்க. "ஏழு... இரு... ஏழு, சைபர்..." அடிச்சேன். நாலு பேரும் வெயிட்டிங் லிஸ்ட்.

மத்தியானம் முதலாளி வந்தார். "நான்தான் சார் போட்டேன், போயிடுச்சு"ன்னீங்க. முகத்துல ஒண்ணுமே காட்டாம சொன்னீங்க. நான் தண்ணி கேனை மாத்திட்டு நின்னேன்.

அதுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத கோபம்தான் வருது. போட்டது நான்னு சொல்லியிருந்தா திட்டு எனக்கு விழுந்திருக்கும். திட்டு வாங்கினவன் மறுநாளும் அதே சீட்டுல உட்காரலாம். நீங்க காப்பாத்துனதுல நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லைன்னு ஆயிடுச்சு. மறுநாள் காலையில சாவியைக் கையில கொடுத்து "ஸ்டேஷனுக்குப் போ"ன்னுட்டீங்க. அதுக்கப்புறம் ஒருதடவைகூட "நீ போடு"ன்னு சொல்லலையே, ஏன்?

அன்னிக்கு உங்களுக்கு நாலாம் மாசம்னு தீபாவளிக்குத்தான் தெரிஞ்சது. தெரிஞ்சிருந்தா ஓட விட்டிருப்பேனா? ஆபீஸ்ல ஏன் சொல்லாம இருந்தீங்கன்னும் புரியுது. அதையும் இங்கே எழுதலை.

ஸ்டேஷன் வேலையைக் குறை சொல்லலை. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்துனப்புறம், 2025 ஏப்ரல் 6 புதுப் பாலம் திறக்குற வரைக்கும், ராமநாதபுரத்துலயும் மண்டபத்துலயும் இறங்குன அத்தனை பேருக்கும் வேன் வேணும். ஊரே பாலம் எப்போ திறக்கும்னு கேட்டுட்டு இருந்தப்போ நம்ம ஆபீஸுக்கு அதுதான் நல்ல காலம். (சொன்னா ஊர்ல அடிப்பாங்க.) இந்தி அங்கேதான் வந்துச்சு. ஒரு குடும்பம் பெட்டியோட இறங்குனதும், பணம் யாரு கையில, முடிவு யாரு வாயில, எந்தப் பாட்டியை முதல்ல பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு பார்த்ததும் சொல்லிருவேன். இதைக் கத்துக்கிட்டேன்னு சொன்னா எந்த இன்டர்வியூவுலயும் எழுதிக்கமாட்டாங்க.

இப்போ ரயில் நேரா ஊருக்குள்ள வந்துடுது. பையைத் தோள்ல போட்டுட்டு நடந்தே கோயிலுக்குப் போயிடுறாங்க. தட்கலும் போச்சு, பிக்கப்பும் போச்சு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எத்தனை வீட்டுல துபாய், சவூதின்னு ஆள் இருக்கு, அவங்க டிக்கெட்டை நாம போட்டா என்னன்னு ஒரு நாள் கேட்டேன். என்ன பதில் வந்துச்சுன்னு எழுதமாட்டேன். மறுநாளும் சாவிதான் கைக்கு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியிலயிருந்துதான் போன்ல பார்த்துப் பார்த்துப் படிக்க ஆரம்பிச்சேன். நீங்க ஆர்எம்எம் ராமேஸ்வரம், எம்டியூ மதுரைன்னு ஸ்டேஷன் கோடு மனப்பாடம் பண்ண வெச்ச மாதிரியே, ஏர்போர்ட் கோடு: ஐஎக்ஸ்எம் மதுரை, டிஆர்இசட் திருச்சி, டிஎக்ஸ்பி துபாய்.

பாப்பாவுக்குப் பேர் வெச்ச அன்னிக்குத் தொண்டிக்கு வரலை. லீவு கிடைக்கலைன்னு மெசேஜ் போட்டேன். லீவே கேட்கலை அக்கா. அந்த வாரம்தான் உங்க சீட்டுல புதுசா ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். வேலை தெரியாது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த மூஞ்சியோட உங்க வீட்டுக்கு வந்து சிரிக்க முடியலை. மன்னிச்சுக்கோங்க. நீங்களும் ஒரு வார்த்தை முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம். "அவன் போடுவான் சார்"னு, அவ்வளவுதான்.

சொல்லியிருந்தீங்களோ என்னவோ.

பதிலை இங்கே போடாதீங்க, போன் பண்ணுங்க. பாப்பா தூங்கினப்புறம் எந்நேரமானாலும் சரி. அப்புறம், டிராயர்ல இருந்த, ஸ்டேஷன் கோடெல்லாம் எழுதி வெச்ச உங்க நோட்டைக் கேட்காம எடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பையன் ரெண்டு நாளா தேடுறான். தரமாட்டேன்.