கழிவையும் காத்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க் நகரத்து வைகிங் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) கால மான்கொம்புச் சீப்புகள் பற்றிய என் ஆய்வேட்டைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டேன். முகப்பில் என் பெயர் மட்டும் இருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, 1976 முதல் 1981 வரை அந்நகரத்துக் காப்பர்கேட் தெருவில் சேற்றில் மண்டியிட்டுத் தோண்டியவர்களுக்கு. நீர் ஊறி, காற்றுப் புகாமல் கிடந்த மண் அது; மரமும் தோலும்கூட மட்காமல் கிடைத்தன. முழுச் சீப்பு கிடைத்தால் யாரும் பத்திரப்படுத்துவார்கள். நீங்களோ அறுத்தெறிந்த மான்கொம்புத் துண்டுகளையும், வெட்டிப்போட்ட நுனிகளையும், பாதியில் உடைந்த தகடுகளையும் கழுவி, எண்ணிட்டு, பெட்டியில் வைத்தீர்கள். சீப்பு வெளியூரிலிருந்து வந்திருக்கலாம். கழிவை யார் சுமந்து வரப்போகிறார்கள்? அங்கேயே தொழில் நடந்தது என்பதற்கு அந்தத் துண்டுகள்தான் சாட்சி.

சேமிப்பறையில் எனக்காக அந்தப் பெட்டிகளைத் திறந்த அம்மா, உங்களை மறக்கவே முடியாது. ஒரு கொம்பின் அடிப்பகுதியைக் கையில் கொடுத்து, "தடவிப் பார்" என்றீர்கள். வழவழவென்று லேசாகப் புடைத்திருந்தது. மான் தானாக உதிர்த்த கொம்பு! வேட்டையாடிய மானின் கொம்பென்றால் மண்டையோடு ஒட்டியிருக்கும். யார்க்கில் கிடைத்தவை பெரும்பாலும் உதிர்ந்தவையே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ காட்டில் பொறுக்கி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்புறம், தச்சுவேலை தெரிந்த என் நண்பருக்கு. கொம்பின் நார் ஓடும் திசையிலேயே சீப்பின் பல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். அதனால்தான் சிறுசிறு தகடுகளை வரிசையாக நிறுத்தி, இருபுறமும் பட்டை வைத்து, இரும்பு ஆணியால் இறுக்கினார்கள். அதே முறையில் நானும் ஒரு சீப்பு செய்து பார்த்தபோது, முதலில் பல்லை அறுத்துவிட்டுக் கோத்தேன். ஒன்றும் நேராக நிற்கவில்லை. "முதலில் ஆணியை இறுக்கு, பிறகு பல் அறு" என்றீர்கள். அறுக்கும்போது ரம்பம் பட்டையின் ஓரத்தையும் லேசாகக் கீறியது. பழைய சீப்புகளிலும் அதே கீறல்கள்! நான் அவற்றை அலங்காரம் என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை அன்றிரவே திருத்தினேன்.

ஸ்காட்லாந்திலிருந்து செம்மான் கொம்பு அனுப்பியவருக்கும், அறுக்கும்போது முடி கருகுவது போல எழுந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட அறைத்தோழிக்கும் நன்றி.

நான் செய்த சீப்பு இப்போது நண்பரிடம் இருக்கிறது. அறுத்த துண்டுகளை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி