நினைவகத்தை நீங்கள் எடுக்காதீர்கள், எங்களிடம் கேளுங்கள்

கொழும்பில் ஒலிக்கருவிகளுக்கு எஃபெக்ட், டீகோடர் லைப்ரரிகள் எழுதித் தரும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் லைப்ரரிகளை மிக்ஸர்களிலும் ஸ்பீக்கர் பெட்டிகளிலும் பொருத்துகிறவர்கள் நாங்கள். மாலொக் (malloc, ஓடும்போதே நினைவகம் கேட்டு எடுக்கும் ஃபங்ஷன்) அழைப்பை உள்ளே ஒளித்துவைப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் கொண்ட ஒரு பிளாக்கை முடிக்க 1.33 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. காலியிடம் தேடி மாலொக் எவ்வளவு நேரம் அலையும் என்று யாரும் உறுதி தரமுடியாது. சிறு கருவிகளுக்கான இயங்குதளம் ஃப்ரீஆர்டாஸ்; அதன் நினைவக ஒதுக்கு முறைகளில் ஒன்றான ஹீப்_2, விடுவித்த துண்டுகளை ஒட்டுவதில்லை. மொத்தத்தில் இடமிருந்தும் பெரிய பஃபர் கிடைக்காமல் போகும். ஹீப்_4 ஒட்டும், ஆனால் அந்த நேரம் வேலைகளை மாற்றிமாற்றி ஓட்டும் ஷெட்யூலர் நின்றிருக்கும். மேசையில் பத்து நிமிடம் ஓட்டினால் இது தெரியாது. ஆடிவேல் ஊர்வலத்தில் மணிக்கணக்காக ஓடும்போது ‘டப்’ என்று கேட்கும்.

“ஒதுக்கவும் விடுவிக்கவும் கால்பேக் தந்திருக்கிறோமே” என்பீர்கள் (நாங்கள் எழுதித்தர, உங்கள் லைப்ரரி அழைக்கும் ஃபங்ஷன்). அளவை மட்டும் கேட்கும் கால்பேக்கால் பாதிப் பயன்தான். எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில் உள்ள 192 கிலோபைட் நினைவகத்தில் 64 கிலோபைட் சிசிஎம், ப்ராசஸருக்கு மட்டுமான பகுதி. ப்ராசஸர் இல்லாமலே தரவை நகர்த்தும் டிஎம்ஏவால் அதைத் தொடமுடியாது. ஃபில்டரின் ஸ்டேட் அங்கே இருக்கலாம், டிஎம்ஏ கையாளும் ஐ2எஸ் (ஒலித்தரவு இணைப்பு) பஃபர் இருக்கவே கூடாது. கோர்டெக்ஸ் எம்7 ப்ராசஸரில் டேட்டா கேஷ் (நினைவகத்தின் நகலை வைக்கும் வேகச் சேமிப்பு) போட்டிருந்தால், டிஎம்ஏ பஃபர் 32 பைட் எல்லையில் தொடங்கி, 32இன் மடங்கில் முடியவேண்டும். இல்லையேல் கேஷில் உள்ள நகலை இன்வாலிடேட் செய்யும்போது (செல்லாததாக்கும்போது) பக்கத்து மாறியின் மதிப்பு அழிந்துவிடும். ஆகவே அளவு, அலைன்மென்ட் (எந்த எல்லையில் தொடங்கவேண்டும்), டிஎம்ஏவுக்கா இல்லையா என்ற மூன்றும் வேண்டும். கூடவே, எங்கள் தரவைச் சுட்டி கால்பேக்குக்கே திரும்பிவரும் ஒரு யூசர் பாயிண்டர். அது இல்லாவிட்டால் இரண்டு சனல்களுக்குத் தனித்தனி நினைவகம் கொடுக்க குளோபல் மாறியைத்தான் நாடவேண்டியிருக்கும்.

இதைவிட நல்லது, அளவைச் சொல்லும் ஒரு ஃபங்ஷனும் நாங்கள் தரும் இடத்தில் தொடங்கும் ஒரு ஃபங்ஷனும். ஓபஸ் ஒலி கோடெக் இப்படித்தான் தருகிறது. (அதன் தற்காலிக வரிசைகள் வழக்கமாக ஸ்டாக்கில் விழும், உங்கள் லைப்ரரிக்கு அந்த அளவையும் எழுதிவிடுங்கள்.) ஆர்மின் சிஎம்சிஸ் டிஎஸ்பி லைப்ரரியில் எஃப்ஐஆர் ஃபில்டரின் ஸ்டேட்டுக்கு டாப்ஸ் (குணகங்களின் எண்ணிக்கை) + பிளாக் − 1 என்று கணக்கு வெளிப்படை: 128 டாப்ஸ், 64 பிளாக் என்றால் 191 ஃப்ளோட், 764 பைட். அளவை மாக்ரோவாகவும் தந்தால் ஸ்டாட்டிக் வரிசை போடுவோம். ஒரு செக்கன் ஸ்டீரியோ டிலே, ஃப்ளோட்டில், 3,84,000 பைட். எஃப்407இல் அது அடங்காது என்பதை, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கரே சொல்லிவிடும்.

அனுப்புமுன் ஒரு சோதனை: லிங்கரின் ‘ராப்’ (wrap) தெரிவால் மாலொக்கையும், சி லைப்ரரியான நியூலிப்பின் உள்ளே இருக்கும் _மாலொக்_ஆரையும் மறித்து, ஒலி தொடங்கிய பின் அழைப்பு வந்தால் பிரேக்பாயிண்டில் நிற்கவிடுங்கள். லாக் எழுத விட்டுவைத்த பிரிண்ட்எஃப்பும் மாட்டும். தசம எண்ணை அச்சிட அதுவும் ஹீப்பிலிருந்து நினைவகம் கேட்கிறது.

இப்படிக்கு,
பொருத்துகிறவர்கள்
கொழும்பு