குதிரை லாயத்தில் படுத்தவன்

அன்புள்ள செந்தில்,

நலம். நீயும் சுதாவும் நலம்தானே? மாடித் தொட்டிக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றதெல்லாம் வழக்கம்போல.

போன மாதம் நீ போனில் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பதினொரு பேரை உன் கீழ் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் உன்னைவிட மூத்தவர்கள், மீட்டிங்கில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை, எப்படிம்மா வேலை வாங்குவது என்றாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிர்வாகப் புத்தகங்களை வாங்கிக் காசைக் கரியாக்காதே. ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ பார். நான் ஆசிரியர் பயிற்சியில் போட்டுக் காட்டுகிற அதே படம்தான். சின்ன வயதில் பாதியில் தூங்கிவிட்டாய். 1954இல் வந்தது, 207 நிமிஷம். சண்டைப் படம் என்று நினைத்து உட்காராதே. இடைவேளை வரைக்கும் கொள்ளையரோடு ஒரு மோதல்கூடக் கிடையாது. ஆள் தேடுவது, ஊரை நடந்து அளப்பது, கிராமத்தாரைப் பழக்குவது, இவ்வளவுதான். வேலையில் முக்கால்வாசி அங்கேதான் முடிகிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

பார்லி விளைந்ததும் திரும்பி வந்து கொள்ளையடிப்போம் என்று கொள்ளையர் பேசிக்கொள்வது ஒரு குடியானவன் காதில் விழுகிறது. ஊர்க்காரர்கள் பட்டணத்துக்குப் போய், பசித்த சாமுராய்களை, அதாவது வாள் வீரர்களை, தேடுகிறார்கள். கூலி, மூன்று வேளைச் சோறு. காம்பே என்கிற மூத்தவர் முதலில் முடியாது என்றுதான் சொல்கிறார். ஆனால் சொல்லும்போதே மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. நாலு திசைக்கு நாலு பேர், மாற்றுக்கு இரண்டு பேர், தன்னோடு சேர்த்து ஏழு. அந்த இரண்டு பேரைக் கவனி. நீ பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு வேலையை இறுகக் கட்டிவிட்டிருப்பாய். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் அந்தத் திசை திறந்து கிடக்கும், நீயே ராத்திரி உட்கார்ந்து செய்வாய். செய்கிறாய்தானே? குரலில் தெரிந்தது. மாற்று ஆள் வை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுது. மனசில் வைத்துக்கொள்ளாதே, எழுது.

ஆள் தேர்வும் பார்க்க வேண்டியது. காம்பே கதவுக்குப் பின்னால் கம்போடு ஒரு பையனை நிறுத்தி, வருகிறவன் எப்படித் தடுக்கிறான் என்று சோதிக்கிறார். ஒருத்தன் தடுத்துவிடுகிறான், ஆனால் கோபித்துக்கொண்டு போகிறான். கோரோபே வாசலிலேயே நின்று சிரிக்கிறான், உள்ளேயே வருவதில்லை. அவனைப் பிடித்துப் போகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ஹேய்ஹாச்சியை எடுத்த விதம். சாப்பாட்டுக்குக் காசில்லாமல் விறகு பிளந்துகொண்டிருக்கிறான். வாள் வீச்சில் நடுத்தரத்துக்கும் கீழே என்று கோரோபே ஒளிக்காமல் சொல்கிறான். ஆனால் பேசினால் மனசு லேசாகிறது, கஷ்டமான நேரத்தில் உதவுவான் என்கிறான். எடுத்துக்கொள்கிறார்கள். உன் கூட்டத்திலும் அப்படி ஒருத்தர் இருப்பார். அப்ரைசலில் அவருக்கு மார்க்கைக் குறைத்துவிடாதே. ஏழு பேருக்கும் கொடி தைப்பது அந்த ஹேய்ஹாச்சிதான். ஆறு வட்டம், சாமுராய் என்று சொல்லிக்கொண்டு ஒட்டிக்கொண்ட குடியானவன் மகன் கிகுச்சியோவுக்கு மட்டும் ஒரு முக்கோணம், அடியில் ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து. கிராமத்தாரையும் அதே துணியில் சேர்த்துவிட்டான் பார்.

சாமுராய்கள் கிராமத்துக்கு வந்து சேரும்போது ஊர்க்காரர் ஒரு குஞ்சு வெளியே வருவதில்லை. பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நீ சொன்ன மீட்டிங் மாதிரியே. கிகுச்சியோ அபாயப் பலகையைத் தட்டிவிடுகிறான். அலறிக்கொண்டு ஓடிவந்து, இதே சாமுராய்களின் காலடியில் விழுகிறார்கள். பேசாதவர்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை, செந்தில், பயந்தவர்கள். ஆனால் நீ அலாரம் அடிக்காதே. ஒரு தடவைதான் அது வேலை செய்யும்.

பிறகு வரைபடம். காம்பே ஊரை முழுக்கக் காலால் நடந்து பார்த்துவிட்டுத்தான் படம் போடுகிறார். மேற்கே வேலி, தெற்கே வயலில் தண்ணீர் பாய்ச்சுவது, கிழக்கே பாலத்தை உடைப்பது. வடக்கே காட்டுப் பக்கம் மட்டும் வேண்டுமென்றே திறப்பு. நல்ல கோட்டைக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டும், எதிரி அங்கேதான் வருவான் என்பது அவர் கணக்கு. எல்லாவற்றையும் காக்கப் பார்க்கிறவன் எதையும் காக்க மாட்டான். உன் வேலையிலும் எதை விட்டுவிடப் போகிறோம் என்பதை நீயே முடிவு செய். செய்துவிட்டுச் சொல். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மோசுகே என்கிற குடியானவன் இருக்கிறான். பாலத்துக்கு அப்பால் உள்ள மூன்று வீடுகளைக் கைவிட வேண்டும் என்றதும், அவனும் அந்த வீட்டுக்காரர்களும் மூங்கில் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். காம்பே வாளை உருவி விரட்டி வரிசைக்குத் திருப்புகிறார். அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் இருபது, அடுத்தவரைக் காத்தால்தான் தன்னையும் காக்க முடியும் என்று அப்போதுதான் விளக்குகிறார். வசனம் பிரமாதம். ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரரைத் தனியாக உட்கார வைத்து முந்தின நாளே சொல்லியிருந்தால் வாளே வேண்டியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றும். பயிற்சிக்கு வருகிற தலைமையாசிரியர்களுக்குப் பிடிப்பது அந்த வாள் மட்டும்தான்.

நாற்பது கொள்ளையருக்கு நாற்பது வட்டம் போட்டு, ஒருத்தன் விழுந்தால் ஒன்றை அடிக்கிறார். கடைசி மழைச் சண்டைக்கு முன்னால் மீதி பதிமூன்று. அந்தத் தாளைப் பார்த்துத்தான் இனி எல்லாரையும் உள்ளே விட்டு முடிக்கலாம் என்று அவரால் முடிவெடுக்க முடிகிறது. நீயும் எழுது. எத்தனை வேலை, எத்தனை முடிந்தது, சுவரில் ஒட்டு.

பாராட்டுகிறபோதும் பார்த்துச் செய். ஏழு பேரில் ஒருத்தனான க்யூசோ தானாக முன்வந்து, மற்றவர்களுக்குத் தெரியப்படுத்திவிட்டு, ராத்திரியில் போய் எதிரியின் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். அவனைப் பற்றிச் சின்னப் பையன் கட்சுஷிரோ கிகுச்சியோவிடம் உருகி உருகிப் பேசுகிறான். அவ்வளவுதான், கிகுச்சியோவுக்குப் பற்றிக்கொள்கிறது. தன் காவலை யோஹே என்கிற கிராமத்தானிடம் விட்டுவிட்டு இன்னொரு துப்பாக்கிக்கு ஓடுகிறான். கொண்டும் வருகிறான். தனியாக ஓடிப் போய் எடுத்த பெயருக்கு மதிப்பில்லை என்று காம்பே திட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் விட்டுவந்த பக்கம் உடைகிறது. யோஹே சாகிறான், கோரோபேயும் போய்விடுகிறான். இரண்டு பேரும் கொண்டுவந்தது ஒரே பொருள்தான். ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனான், மற்றவன் காவலை விட்டுவிட்டுப் போனான். சின்ன வயதில் பரிசு கிடைக்கும் என்றால் நீயும் கிகுச்சியோதான். ஆனால் தலைவனாக்கியிருக்கிறார்களே, அப்பா தெருவெல்லாம் சொல்லியாயிற்று, எனக்கும் பெருமைதான்.

சுதாவுக்குப் பொங்கலுக்குப் புடவை எடுத்திருந்தேன். படம் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். சரி.

நான் உண்மையில் சொல்ல வந்தது ரிகிச்சியைப் பற்றி. போராட வேண்டும் என்று முதலில் சொல்கிறவன் அவன்தான். சாமுராய்கள் தங்கத் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டுக் குதிரை லாயத்தில் படுக்கிறான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வேலை செய்கிறான். இவ்வளவு நல்ல வேலைக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்? அறுவடையில் ஹேய்ஹாச்சி விளையாட்டாக, ஒரு பெண்டாட்டி கட்டிக்கொள் என்கிறான். ரிகிச்சிக்கு வெறி வந்ததுபோல் கோபம் வந்து ஓடிவிடுகிறான். அன்றைக்கு ராத்திரி காவலின்போது ஹேய்ஹாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, பேசினால் பாரம் குறையும், நீ ரொம்பப் பேசாமல் இருக்கிறாய் என்கிறான். அப்போதும் பதில் இல்லை.

அவன் பெண்டாட்டியைக் கொள்ளையர்கள் கொண்டுபோயிருக்கிறார்கள். ஊருக்கே தெரியும். சாமுராய்களுக்கு மட்டும் தெரியாது. கொள்ளையர் இருப்பிடத்துக்குத் தீ வைக்கப் போகும்போது வழிகாட்டியாக ரிகிச்சியையே கூட்டிப் போகிறார்கள். தீ பரவுகிறது, அவள் வெளியே வருகிறாள், இவனைப் பார்க்கிறாள், திரும்பி நெருப்புக்குள்ளேயே போய்விடுகிறாள். இவன் பின்னால் ஓட, இழுத்துப் பிடிக்கப் போன ஹேய்ஹாச்சியைக் குண்டு தாக்குகிறது. ஏழு பேரில் முதலில் போகிறவன், எல்லாருக்கும் மனசை லேசாக்கியவன். தெரிந்திருந்தால் காம்பே வேறு ஆளை அனுப்பியிருப்பார். திட்டம் சரி, வரைபடம் சரி, வட்டங்கள் சரி. ஒருத்தன் சொல்லாத ஒன்று மட்டும் தாளில் இல்லை.

ஹேய்ஹாச்சி கேட்கத்தானே செய்தான், சொல்லாதது ரிகிச்சி தப்புதானே என்று பயிற்சியில் யாராவது கேட்பார்கள். முதல் தடவை விளையாட்டாகக் கேட்டதில்தான் கதவு சாத்தியது, இரண்டாவது தடவை எவ்வளவு பதமாகத் தட்டினாலும் அது திறக்காது என்று பதில் சொல்வேன். கரும்பலகையில் எழுதியே போட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது நீ அடுக்களை வாசலில் நின்று, ‘அம்மா, சுதாவும் நானும்’ என்று ஆரம்பித்தாய். எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், அனுசரித்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு நான் அதிரசத்தைத் திருப்பிப் போட்டேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய். ஊருக்கெல்லாம் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தப் பதினொரு பேர் ஏன் பேசுவதில்லை என்று நீ போனில் கேட்டபோதும் குக்கரைச் சாக்கு வைத்தேன். குக்கர் ஒன்றும் கத்தவில்லை.

அவர்களிடம் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்காதே. தனித்தனியாக, டீக்கடையில், முதலில் உன் கஷ்டம் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள். பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் கேள். கேட்டதைத் தாளில் எழுது. எழுது என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன், தெரியும்.

படத்தை இரண்டு ராத்திரியாகப் பார். முதல் நாள் இடைவேளை வரைக்கும். இரண்டாம் நாள் அந்தத் தீ வரும்போது நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி, அப்பா தூங்கியிருப்பார், நான் விழித்திருப்பேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன். அடுப்பில் எதுவும் இருக்காது.

நார்த்தங்காய் ஊறுகாய் கூரியரில் போட்டிருக்கிறேன். இரண்டு பாட்டில். ஒன்றில் சுதா பேர் எழுதி ஒட்டியிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்துவிடு.

அம்மா