பற்று நோட்டுக்கு முதலில் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்ட கல்லூரி மாணவனைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். தலைப்பில் 'பேராசை' என்று இருந்தது. அந்த ஒரு சொல் உறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் பதினாலு வருஷமாக மெஸ் நடத்துகிறேன். ஒரு பையன் பணத்தை எங்கேயோ விடுகிறான் என்பது அவன் வாத்தியாருக்குத் தெரிவதற்கு முன்னால் என் பற்று நோட்டுக்குத் தெரிந்துவிடும். ஐந்தாம் தேதி கணக்கு முடிக்கிறவன் இருபதாம் தேதி என்பான், அப்புறம் ஆம்லெட் நிற்கும், அப்புறம் ராத்திரிச் சாப்பாடே நிற்கும், கேட்டால் 'பசிக்கலண்ணே' என்பான். பசிக்காத வயசா அது?

அப்படி ஒருத்தன், மேலூர்ப் பக்கம், அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். பரீட்சைக்குக் கட்ட அவர் அனுப்பிய பணம் ஏதோ ஒரு கலர் ஆப்பில் போய்விட்டது. சிவப்பா பச்சையா என்று பணம் கட்ட வேண்டும், நிமிஷத்துக்கு ஒரு முடிவு. முதல் நாள் 200 போட்டு 900 எடுத்திருக்கிறான், அது நிஜமாகவே பேங்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்த 900தான் வினை. "ஜெயிக்கணும்னு ஆடலண்ணே, விட்டதப் புடிக்கணும்னுதான் ஆடுனேன்" என்று கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதான். இதைப் பேராசை என்று எப்படி ஐயா எழுதுவது? அப்பாவுக்குத் தெரிவதற்குள் எடுத்த பணத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும் என்கிற பதற்றம் அது.

பிறகு கடன் ஆப். அதை அடைக்க, எவனோ டெலிகிராமில் கேட்டான் என்று தன் பேங்க் கணக்கை 2,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். யாரையோ ஏமாற்றிய பணம் அதன் வழியாகப் போக, கணக்கை முடக்கிவிட்டார்கள். போலீஸ் கூப்பிடுமோ என்று ஒரு வாரம் அறையை விட்டே வெளியே வரவில்லை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது தினக்கூலியில் பாதியைச் சீட்டில் விட்டவர்கள் எத்தனை பேர் மூச்சு விட்டார்கள் என்று செல்லூரில் கண்ணால் பார்த்தவன் நான் (மூணு நம்பர் சீட்டு ஒளிந்து ஓடுவது தனிக் கதை). 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ததும் பெரிய கம்பெனிகள் நிறுத்திக்கொண்டன, நல்லது. ஆனால் கலர் ஆப்காரன் கடை போட்டா நடத்துகிறான்? இன்றைக்கு ஒரு லிங்க், நாளைக்கு இன்னொன்று.

அந்த மத்தியச் சட்டத்தில் நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம் உண்டு, ஆடினவனுக்குத் தண்டனை கிடையாது. நம் மாநிலத்தின் 2022 சட்டத்திலோ ஆடினவனுக்கும் 3 மாதம் வரை சிறை என்று இருக்கிறது. பையன் காதில் விழுவது இந்த இரண்டாவது மட்டும்தான். கல்லூரியில் சொல்லலாம் என்றால் சஸ்பெண்ட், அப்பாவைக் கூட்டி வா, நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கடிதம். பிறகு யார் வாயைத் திறப்பான்? 3,000 கடனில் சொல்ல வேண்டியவன் 80,000 ஆன பிறகு மாட்டுகிறான்.

மதுரைக் கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். 'நான் பணத்தை விட்டுட்டேன்' என்று வந்து சொல்கிறவன் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்து கடனை எண்ணிப் பார்க்க ஒரு வாத்தியாரைப் போடுங்கள், அவர் ஒழுங்கு கமிட்டியில் இருக்கிறவராக இருக்கக் கூடாது. பரீட்சைக் கட்டணத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுங்கள். விழிப்புணர்வுப் பேரணி, ரங்கோலிப் போட்டி எல்லாம் அப்புறம் நடத்திக்கொள்ளலாம்.

என் பங்குக்கு, மெஸ்ஸில் விலைப் பலகைக்குக் கீழே இரண்டு நம்பர் எழுதி வைத்திருக்கிறேன்: பண மோசடிக்கு 1930, மனசு சரியில்லை என்றால் 14416. எழுதின வாரத்திலேயே இரண்டு பையன்கள் பரோட்டா விலையைப் படம் எடுப்பது மாதிரி போனைத் தூக்கினார்கள், நான் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.